குறுக்குக் கட்டையும் பெஞ்சு டிக்கெட்டும்

என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது.

டூரிங் கொட்டகை. முதல் ஆட்டம். படம் இன்னும் போடவில்லை. ஒலிபெருக்கியில் சாமிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் தரையில் மணலைக் குவித்து, அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மண்சுவர். தரையில் உட்கார்ந்த ஆம்பளையின் தலை அந்தச் சுவருக்கு மேலே தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியும்.

எனக்கு அவர் தலை தெரிந்தது.

பக்கத்தில் அஞ்சலை அக்கா. எங்கள் தெருதான். என்னோடு களை எடுக்க வருவாள். அவளும் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி தனம், அது ஒன் ஆளா?"

"ஆமாக்கா."

"பெஞ்சுலயா உக்காந்துருக்கு?"

"ஆமாக்கா."

"ஒடம்புக்கு முடியலையா அதுக்கு?"

மணலைப் பிடித்துக்கொண்டேன்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கொட்டகை எந்த ஊரில் இருந்தது என்று கேட்காதீர்கள். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில். பெயரைச் சொன்னால் அந்த ஒரு ஊரில் மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும்.

பிடித்த படம் ஒன்றைப் பற்றி இந்த வாரம் எழுதச் சொன்னார்கள் இந்தப் பத்திரிகைக்காரர்கள். நான் அதிகம் படம் பார்த்தவள் இல்லை. படிப்பும் ஐந்தாவதோடு சரி. ஆனால் ஒரு படம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னால் பெஞ்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

எழுதாத போர்டு

கொட்டகையில் தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று. காலனித் தெருக்காரர்கள் எங்களுக்குத் தரை. அப்படி எந்தப் போர்டும் கிடையாது. காலனி ஆள் பெஞ்சுக்குக் காசு நீட்டினால், தரை டிக்கெட்டைக் கிழித்து மிச்சக் காசைத் திருப்பிக் கொடுப்பார்கள். சண்டை எல்லாம் இல்லை. சில்லறை சரியாக இருக்கும். அதனால் யாரும் பேசியதில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் ராசு. அப்போது அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். ஊரில் யார் வயலையும் நம்பி அவர் இல்லை. நான்தான் இருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் மேலத்தெரு வயல்களில்தான் வேலை. பருத்தி, சோளம், சின்ன வெங்காயம்.

அன்றைக்கு டிக்கெட் கொடுக்கிற இடத்தில் புது ஆள். வெளியூர்க்காரர். இவர் பெஞ்சு என்று கேட்டார். அவர் பெஞ்சைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

வாசலில் டிக்கெட் கிழிக்கிற கோபாலு உள்ளே வந்து இவரிடம் நின்றது சுவருக்கு மேலே தெரிந்தது. சாமிப் பாட்டு நின்றுவிட்டதால் பேச்சும் கேட்டது.

"எழுந்திரி ராசு."

"எதுக்கு?"

"தரையில எடம் கெடக்கு."

"கெடக்கட்டும். எங்கிட்ட இருக்குறது பெஞ்சு டிக்கெட்டு."

"புது ஆளு தெரியாம கிழிச்சுட்டாருய்யா."

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல. கேட்டுத்தான் வாங்குனேன்."

விளக்கு அணைந்தது. கோபாலு வாசலுக்குப் போக வேண்டியதாயிற்று. அந்தப் பெஞ்சில் இருந்த மற்றவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒரு முழுப் பெஞ்சு இவருக்கு என்று ஆயிற்று.

அடித்தால் கை வலிக்கும்

படம் சீனாக்காரன் படம். எங்களுக்கு எல்லாமே கராத்தே படம்தான். அது கராத்தே இல்லை என்று பின்னால் தெரிந்தது.

பேசுவது யாருக்கும் புரியாது. எழுத்தும் அந்த ஊர் எழுத்து. ஆரம்பமே சண்டை. பெயர்கூடப் போடவில்லை. ஒரு துறைமுகம். மூட்டை தூக்குகிறவர்கள். ஒருவன் செத்துக் கிடக்கிறான். அவன் தலையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கதாநாயகன் உட்கார்ந்திருக்கிறான். அழவில்லை. மெதுவாகத் தலையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறான். செருப்பு இல்லாத கால். அந்தக் காலைத்தான் முதலில் காட்டினார்கள்.

நம் படத்தில் கதாநாயகன் அடித்தால் எதிராளி பறப்பான். இவன் அடித்தால் எதிராளி விழுந்தான். அவ்வளவுதான். இவனும் விழுந்தான். மூச்சு வாங்கினான். ஒரு குடோனுக்குள் நீளமாக ஒரு சண்டை. தலையிலிருந்து கால் வரைக்கும் முழு ஆளும் தெரிகிற மாதிரி எடுத்திருந்தார்கள். ஏமாற்ற வழி இல்லை. ஒருவனைக் குத்திவிட்டு, வலி தாங்காமல் கையை உதறிக்கொண்டான்.

எனக்கு அது பிடித்தது. அடித்தால் கை வலிக்கும். அதைக் காட்டிய படம் அதுவரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். எதிராளி கூட்டத்துக்கு ஒரு எசமான் இருக்கிறான். அவன் முகத்தைக் காட்டவே இல்லை. காலில் போட்ட பளபளப்பான சூவை மட்டும் காட்டினார்கள். சூ நடந்து வரும். சூ நிற்கும். எல்லாரும் பயப்படுவார்கள்.

துறைமுகத்துக்கு ஒரு வாசல். அதில் இடுப்பு உயரத்தில் குறுக்கே ஒரு கட்டை. கூலிக்காரன் வேலை முடிந்து வெளியே போனால் அதற்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். சூ போட்டவனுக்கு வேறு வாசல். சண்டை முடிந்ததும் கதாநாயகன் அந்த வாசலுக்கு வருகிறான். கட்டைக்கு முன்னால் நிற்கிறான். தோளைக் கொடுத்து முட்டுகிறான். உடையவில்லை. இன்னொரு முட்டு. உடையவில்லை. பின்னால் வந்த கூலிக்காரர்கள் ஒவ்வொருவராகத் தோளைக் கொடுக்கிறார்கள். கட்டை முறிகிறது. எல்லாரும் நிமிர்ந்து நடந்து போகிறார்கள்.

ஏதோ எழுத்து வந்தது. விளக்குப் போட்டார்கள். அது இடைவேளை என்று எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம்.

பத்து வருசம் கழிச்சு

இடைவேளையில் மில்லுக்காரர் இவர் பெஞ்சுப் பக்கம் வந்தார். ஊரில் நெல் மில் வைத்திருந்தவர். வயலும் நிறைய. எங்களில் பாதிப் பேருக்கு அவர் வயலில்தான் வேலை. கொட்டகை நின்ற இடமும் அவர் இடம்தான். சுவரோரமாக நான் எழுந்து நின்றேன்.

"என்னடா ராசு, படம் நல்லா தெரியுதா?"

"தெரியுதுங்க."

"இங்கேருந்து பாத்தா இன்னும் நல்லா தெரியுமோ?"

"ஆமாங்க. தலை மறைக்கல."

அவர் சிரித்தார். சேருக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

படம் மறுபடி ஆரம்பித்தது. கடல். அதன்மேல் எழுத்து எழுத்தாக வந்தது. "பத்து வருசம் கழிச்சுன்னு போடுறான்" என்றாள் அஞ்சலை அக்கா. சரியாகத்தான் பட்டது. ஒரு படகு வருகிறது. அதில் கதாநாயகன் துணி மூட்டையோடு வருகிறான். கரையில் ஒருவன் அவனைக் கட்டிப் பிடிக்கிறான். பார்த்தால், முதல் பாதியில் செத்துக் கிடந்தவன்.

"செத்தவன்டி அவன்."

"இல்லக்கா. தம்பியா இருக்கும்."

"ஆமாமா. டபுள் ஆக்ட்டு."

கொட்டகை முழுக்க அதையே பேசினார்கள். டபுள் ஆக்ட்டுக்குத் தலை முடியையாவது மாற்றியிருக்கலாம் என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார்.

பிறகு அந்த வாசல் வந்தது. கட்டை இருந்தது.

"மறுபடி போட்டுட்டானுவ" என்று ஆம்பளைப் பக்கம் ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. உடைத்த கட்டையை மறுபடி போடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பாதியில் அவன் ஒரு அடிகூட அடிக்கவில்லை. மூட்டை தூக்கினான். தூக்கத் தெரிந்தவன் தூக்குகிற மாதிரி, முழங்காலைக் கொடுத்துத் தூக்கினான். சாயங்காலம் மற்றவர்களோடு வரிசையில் வந்து கட்டைக்கு அடியில் குனிந்தான். கடைசியில் அந்தத் தம்பியைப் போட்டு அடித்துவிடுகிறார்கள். இவன் அவனை முதுகில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருகிறான். சூ பக்கத்தில் நிற்கிறது. இவன் கட்டையைப் பார்க்கிறான். சூவைப் பார்க்கிறான். முதுகில் ரத்தம். குனிந்தான். மண்ணில் முழங்கால் பட ஊர்ந்து அந்தப் பக்கம் போனான்.

விளக்குப் போட்டார்கள்.

கூட்டம் எழுந்திருக்கவில்லை. இன்னும் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தோம். இல்லை என்றார்கள். இவர் மட்டும் அந்தப் பெஞ்சில் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாரும் போகிற வழியில் போனார்.

"தெரியாம உக்காந்துட்டேன்"

காலையில் வெங்காயம் பிடுங்கப் போனோம். வேலை இல்லை என்றார்கள். அடுத்த வயலிலும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் யாருக்கும் எங்கேயும் இல்லை. வெங்காயம் மண்ணில் காய்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் மில்லுக்காரர் ஆள் அனுப்பினார். இவரும் நானும் போனோம். மில் வாசலில் தவிட்டு வாசனை. அவர் நாற்காலியில் இருந்தார். நாங்கள் நின்றோம்.

"பெரிசா ஒண்ணும் இல்லடா. ஞாயித்துக்கெழம கொட்டாய்க்கு வா. ஆளுங்க இருப்பாங்க. கையக் கட்டி, கொஞ்சம் குனிஞ்சு, தெரியாம உக்காந்துட்டேன்னு சொல்லிரு. முடிஞ்சு போச்சு."

இவர் சொன்னார்.

"தெரிஞ்சுதாங்க உக்காந்தேன்."

"அது எனக்குந் தெரியும். நீ தெரியாமன்னு சொல்லு."

"பொய்யிங்க அது."

மில்லுக்காரருக்குக் கோபம் வரவில்லை. அவர் அப்படித்தான். குரலை உயர்த்த மாட்டார்.

"நேத்துப் படம் பாத்தல்ல. ஒன் சீனாக்காரன் என்னா குதி குதிச்சான். கடைசில என்னாச்சு? கட்டைய மறுபடி போட்டாங்க. குனிஞ்சுதான போனான்?"

"போனாங்க."

"அவனே போயிட்டான்."

"அது அவன் பாடுங்க" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். இவர் வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"நீ என்ன சொல்ற புள்ள? வேல போறது ஒனக்குத்தான். எனக்கில்ல."

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"யோசிக்கிறேன்" என்றேன்.

முதுகில் இருக்கிறது

தெரு இரண்டாகப் பிரிந்தது. வயதானவர்கள் குனியச் சொன்னார்கள். குனிந்தால் முதுகு தேய்ந்தா போய்விடும் என்று கேட்டார்கள். இளவட்டங்கள் கூடாது என்றார்கள். இளவட்டங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அடுப்பு எரிய வேண்டிய கவலை பெண்களுக்குத்தான்.

அஞ்சலை அக்கா என் வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் புருசன் இல்லாதவள். பிள்ளைகள் சின்னது.

"எனக்கு அது உக்காந்தது புடிச்சிருந்துச்சு தனம். பொய் சொல்லல. ஆனா நம்ம முதுவுல புள்ளைவ இருக்குடி. அந்தச் சீனாக்காரனும் முதுவுல ஆள் இருந்ததாலதான குனிஞ்சான்."

அவள் சொன்னது நியாயம். படத்தை என்னைவிட அவள்தான் ஒழுங்காகப் பார்த்திருக்கிறாள். முறத்தில் அரிசி இருந்தது. கல் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். எல்லாக் கல்லும் பொறுக்கியான பிறகு சொன்னேன்.

"குனிஞ்சா முதுவுல இருக்குறதும் சேந்துதான் குனியும்க்கா."

அவள் எழுந்து போனாள். போகும்போது என் முறத்திலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு போனாள். அது கோபமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிற விதம்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் ஆட்கள் கூடினார்கள். இவர் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விடியலில் குவாரிக்குப் போகிற லாரி வந்தது. இவர் ஏறினார். நானும் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் அஞ்சலை அக்கா சும்மாட்டுத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது.

"தள்ளி ஒக்காருடி" என்றாள்.

வெள்ளைத் தூசி

குவாரியில் பெண்களுக்குக் கல் பிரிக்கிற வேலை. மண் ஒட்டியதைத் தனியாக, நல்ல கல்லைத் தனியாக. அந்தக் கல்லில் சிப்பி இருக்கும், நத்தை இருக்கும். கல்லாகிப் போன நத்தை. இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று மேஸ்திரி சொன்னார். அப்படியானால் துறைமுகமும் இருந்திருக்கும் என்றாள் அஞ்சலை அக்கா. கட்டையும் இருந்திருக்கும் என்றேன்.

வேலை சுகமில்லை. வெயிலில் கல் கண்ணைக் கூசும். சாயங்காலம் தலை, புருவம், இமை எல்லாம் வெள்ளை. லாரியில் வந்து இறங்கினால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். எல்லாரும் ஒரே நாளில் கிழவியாகிவிட்ட மாதிரி இருக்கும். குளத்தில் முங்கினால் தண்ணீர் பால் மாதிரி ஆகும். கைத் தோல் வெடித்தது. களை எடுக்கிற கை வேறு, கல் எடுக்கிற கை வேறு. எங்கள் கை மாறிக்கொண்டிருந்தது.

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். ஒருத்தி காலில் கல் விழுந்தது. ஒவ்வொரு முறையும் தெருவில் யாராவது கேட்பார்கள், ஒரு தடவை குனிஞ்சா என்ன. இவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். கேட்டவர் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார்.

சூ யாருடையது

இந்த இடத்தில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். எல்லாம் என் கொழுந்தன் செல்வம் சொன்னது. அவன் பின்னால் சிங்கப்பூர் போனான். கட்டட வேலை. அங்கே அவனோடு சிமெண்டு கலக்கிய ஒரு சீனக் கிழவருக்கு அரைகுறைத் தமிழ் வரும். நாங்கள் சொல்லிக் கேட்டிருந்த கட்டையையும் குனிவதையும் இவன் செய்துகாட்டியதும் அவர் கொத்துக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாராம். அந்தப் படத்தை அவர் வாலிபத்தில் பார்த்திருக்கிறார்.

அவர் சொன்னது இது. சீனாவில் சில துறைமுகங்கள் ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பிடியில் இருந்தன. கம்பெனி அபின் கொண்டுவந்து விற்றது. சொந்த ஊர்க்காரன் நடக்கக் கூடாத தெருக்கள் சொந்த ஊரிலேயே இருந்தன. அந்த அவமானம் பாட்டன் வழியாகப் பேரனுக்கு வந்துவிட்டது. படம் எடுத்தவர்கள் பேரன்கள்.

அதற்கு முன்னால் அந்த ஊர்ச் சண்டைப் படங்களில் ராசாவும் வாளும்தான். வீரன் கூரைக்குக் கூரை பறப்பான். மூட்டை தூக்குகிறவன் ஓரமாக வருவான். சிரிக்க வைப்பான், இல்லையென்றால் சாவான். இந்தப் படத்தில்தான் அவனை நடுவில் நிறுத்தினார்கள். வாள் இல்லை. பறக்கவில்லை. கூலிக்காரன் உடம்புதான் ஆயுதம். அது ஓடியதும் எல்லாரும் அதே மாதிரி எடுத்தார்கள். அந்த உதை கப்பல் ஏறி ஊர் ஊராகப் போனது. நம் கதாநாயகர்களும் காலைத் தூக்கக் கற்றுக்கொண்டார்கள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம்கூட ஒரு கராத்தே கிளாஸ் போர்டு தொங்கியது.

முகத்தை ஏன் காட்டவில்லை என்று செல்வம் கேட்டானாம். கிழவர் சிரித்தாராம். படம் எடுத்த ஊரே அப்போது வெள்ளைக்காரன் கையில் இருந்தது. முகத்தைக் காட்டினால் சென்சாரில் வெட்டிவிடுவான். அதனால் சூவைக் காட்டினார்கள். அது யார் கால் என்று அந்த ஊர்க் கொட்டகையில் ஒருவனும் கேட்கவில்லை; எல்லாருக்கும் தெரியும்.

இதைக் கேட்ட அன்றைக்கு அந்தப் படத்தின்மேல் எனக்கு மரியாதை கூடியது. நானும் இங்கே ஊர்ப் பெயர் எழுதவில்லை. மில்லுக்காரர் பெயரும் எழுதவில்லை. அது யார் கால் என்று நீங்களும் கேட்க மாட்டீர்கள்.

பருத்தி வெடித்தது

பருத்தி யாருக்காகவும் காத்திருக்காது. வெடித்தால் எடுக்க வேண்டும். மழை விழுந்தால் போச்சு. அந்த வருசம் எல்லா வயலும் ஒன்றாக வெடித்து நின்றது. வெளியூர் ஆள் கொண்டுவந்தார்கள். போதவில்லை. மேற்கே மேகம் கட்டியது.

மில்லுக்காரர் எங்கள் தெரு முனைக்கு வந்தார். தெருவுக்குள் வரவில்லை. முனையில் நின்று செருமினார். நாங்கள் அப்போதுதான் லாரியில் இறங்கியிருந்தோம். வெள்ளையாக நின்றோம்.

"பருத்தி நிக்கிது. நாளைக்கு வந்துருங்க."

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அஞ்சலை அக்கா கேட்டாள்.

"பெஞ்சு என்னாச்சுங்க?"

"என்ன பெஞ்சு?"

"கொட்டாய்ப் பெஞ்சு."

"அது அங்கதான் கெடக்கு. யாரு வேணாலும் உக்காருங்க. வெறும் மரக்கட்ட. அதுக்கென்ன இப்ப?"

"வெறும் மரக்கட்டைக்கா இத்தன நாளா வேல தரல?"

அவர் மேகத்தைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். இவர் இமையெல்லாம் வெள்ளையாக நின்றார்.

"காலையில வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனார்கள். எல்லாரும் இல்லை. பாதிப் பேர் குவாரியிலேயே இருந்துவிட்டார்கள். நானும்.

சனிக்கிழமை கொட்டகைக்குப் போனோம். பெண்கள் பக்கம் இரண்டு பெஞ்சு உண்டு. கோபாலு டிக்கெட்டைக் கிழித்தான். முகத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தோம். என்ன படம் என்று ஞாபகம் இல்லை. சிரிப்புப் படம். நாங்கள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்வதிலேயே கவனம். பெஞ்சுக்குச் சாய்மானம் கிடையாது. பலகையில் ஆணி.

"இதுக்கா இம்புட்டும்?" என்றாள் அஞ்சலை அக்கா. "தரையே தேவலாம் போலருக்குடி."

"எறங்கிக்கிறியாக்கா?"

"எறங்க மாட்டேன்."

எல்லாம் சரியாகிவிடவில்லை. டீக்கடையில் தனிக் கிளாஸ் ஒழிய இன்னும் நாளானது. மில்லுக்காரர் சாகும்வரை இவரிடம் பேசவில்லை. டி.வி. வந்ததும் கொட்டகையும் போய்விட்டது. அங்கே இப்போது சோளம் காயப் போடுகிறார்கள். ஆனால் இவர் குனியவில்லை. அதை நான் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டு தட்டு

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். பிறகு சேர்த்தார்கள். மறுபடி பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு நடந்த காலம். செல்வம் லீவில் வந்தான். கிழவர் தேடிப் பிடித்துக் கொடுத்தாராம், அந்தப் படத்தின் சி.டி. இரண்டு தட்டு. அவன் அங்கே அதைப் போட்டுப் பார்த்ததில்லை. எங்களோடு பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டில் டி.வி. இருந்தது. பிளேயரைச் செல்வம் எங்கிருந்தோ வாங்கிவந்தான். அஞ்சலை அக்கா வந்தாள். கோபாலுகூட வந்தான். கொட்டகை போன பிறகு அவன் பஞ்சர் கடை வைத்திருந்தான். எங்கள் வீட்டுக்குள் அவன் வந்தது அதுதான் முதல் தடவை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான்.

"தரையில எடம் கெடக்கு" என்றார் இவர்.

கோபாலுவே சிரித்துவிட்டான். உட்கார்ந்தான்.

முதல் தட்டு. கடல். எழுத்து.

"இது இடைவேளைக்கு அப்பறம்ல வரும்" என்றாள் அஞ்சலை அக்கா.

"இல்லக்கா. இதான் ஆரம்பம்" என்றான் செல்வம்.

"ஆரம்பத்துலயே பத்து வருசம் கழிச்சுன்னு போடுவானா?"

"அது படத்தோட பேருக்கா. ஒறையிலயும் இதான் போட்டுருக்கு."

படகு வந்தது. கட்டிப் பிடித்தவன் வந்தான். தம்பி இல்லை, டபுள் ஆக்ட் இல்லை. அதே ஆள். இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான். கட்டை வந்தது. குனிந்தான். முதுகில் ஆளைப் போட்டுக்கொண்டு குனிந்து போனான். தட்டு முடிந்தது.

செல்வம் அடுத்த தட்டைப் போட்டான். செத்தவன் தலை தொடைமேல். செருப்பில்லாத கால். குடோன். உதறிய கை. தோள். கட்டை முறிந்தது. எழுத்து வந்தது.

"இடைவேளை" என்றாள் அஞ்சலை அக்கா. அவள் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

"முடிஞ்சுதுக்கா" என்றான் செல்வம்.

எல்லாரும் கோபாலுவைப் பார்த்தோம்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றான் அவன். "படம் ரெண்டு பெட்டியில வரும். மேல சாக்பீஸ்ல ஒண்ணு, ரெண்டுன்னு எழுதியிருப்பாங்க. பஸ்சுக்கு மேல போட்டு வந்துச்சு. அன்னைக்கி வழியில மழ. அழிஞ்சு போச்சு. சீனா எழுத்து யாருக்குத் தெரியும்? ஆபரேட்டரு கைக்கு வந்தத மாட்டிட்டாரு. கடைசில எல்லாம் முழிச்சீங்கள்ல, அப்பவே எனக்கு சந்தேகந்தான்."

"இத்தன வருசமா சொல்லலியே."

"யாரு கேட்டீங்க?"

செல்வத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"பாத்தியாண்ணே. அவன் மொதல்ல குனிஞ்சான். கடைசில ஒடைச்சுட்டான். நீங்க பாத்தது தலகீழு. அவன் தோத்துப் போயிட்டான்னு நெனச்சுக்கிட்டேல்ல இருந்துருக்கீங்க."

டி.வி.யில் நீலம் நின்றது. மில் வாசலில் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. "அவனே போயிட்டான்" என்ற குரல் ஞாபகம் வந்தது. படம் ஒழுங்காக ஓடியிருந்தால் அந்தப் பேச்சை மில்லுக்காரர் பேசியிருக்க முடியாது. அஞ்சலை அக்காவும் அப்படி வந்து கேட்டிருக்க மாட்டாள். நாங்கள் சாய்ந்துகொள்ள ஒரு ஆள் இருந்திருப்பான்.

"நல்லதுதான்" என்றார் இவர்.

"என்னண்ணே நல்லது?"

"ஒழுங்காப் போட்டுருந்தா, படத்தப் பாத்துக் கெட்டுப் போனானுவன்னு சொல்லிருப்பாங்க."

அஞ்சலை அக்கா தலையை ஆட்டினாள். கோபாலுவும் ஆட்டினான்.

அந்தச் சீனாக்காரன்மேல் எனக்கு இப்போதும் மரியாதைதான். அவன் உடைத்தான் என்று தெரிந்ததில் சந்தோசம். ஆனால் எங்களுக்கு அவன் குனிந்த இடத்தோடு படம் முடிந்துவிட்டது. மீதியை வெளியே வந்து நாங்கள்தான் நடத்தினோம்.

செல்வம் தட்டுகளை உறைக்குள் வைத்தான். ஒன்று, இரண்டு என்று மேலே அச்சடித்திருந்தது. மழையில் அழியாத மை. இவர் உறையைக் கையில் வாங்கினார். தட்டுகளை வெளியே எடுத்து, எங்களுக்கு ஓடிய வரிசையில் இரண்டாம் தட்டை முன்னால் வைத்து, மூடினார்.